ஒரு சொட்டும் ஒழுகாத மாப்பிள்ளை வண்டி

ஆலடிக்குறிச்சிக்காரர்களுக்கு நல்ல மனசில் குறைவே கிடையாது. மற்றது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அந்த ஊர்ச் சுயம்புவுக்கு முப்பத்தைந்து தாண்டியும் கல்யாணம் கூடிவரவில்லை. காரணம் அவனுடைய பழைய மோட்டார் சைக்கிள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய் இரண்டிலும் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீல் தேய்ந்து எண்ணெய் ஒழுகும். போன தடவை பெண் பார்க்கப் போன வீட்டில் அது வாசல் கோலத்திலேயே சொட்டி வைக்க, அந்த வீட்டம்மா காப்பித் தண்ணிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள்.

இப்போது வந்திருப்பது பக்கத்து ஊர் மேலப்புதூர் இடம். பெண் பெயர் செண்பகக்கனி. அவள் படத்தைப் பார்த்த நாளிலிருந்து சுயம்பு சாமி கும்பிடும்போதெல்லாம் அவளையும் சேர்த்துத்தான் கும்பிட்டான். பெண்ணின் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை சொந்த வண்டியோடு வரணும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண் பார்க்கப் போக வேண்டும். காலையில் மெக்கானிக் பால்துரையைத் தேடிப் போனால், அவர் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். புது சீல்களைக் கையில் கொடுத்து, ஜன்னல் வழியாகவே வேலையைச் சொன்னார். வண்டியைத் தூக்கி நிறுத்தி முன்சக்கரத்தைக் கழற்றணும், குழாய்களை உருவணும், பழைய எண்ணெயை வடிக்கணும், பழைய சீல்களை நெம்பி எடுத்துவிட்டுப் புதுசைத் தூசி படாமல் இறக்கணும்.

"எண்ணெய் ரெண்டு குழாயிலும் ஒரே அளவு இருக்கணும் தம்பி. போல்ட்டை நான் வந்து இறுக்குறேன். அதுவரைக்கும் சக்கரம் தரையில படக்கூடாது," என்றார். பஸ் போய்விட்டது.

சுயம்புவும், தம்பி பட்டுராசனும், அக்கா புருஷன் கோயில்பிச்சையும் வேலையில் இறங்கினார்கள். வண்டியைத் தூக்கி எதன்மேல் நிறுத்துவது என்று பால்துரை சொல்லவில்லை. அதனால் கோயில்பிச்சை கையாலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சுயம்பு புது சீல்களுக்குத் திருநீறு பூசினான். திருநீறு தூசியில் சேருமா என்று ஒரு பேச்சு வந்தது. தூசி தரையில் கிடப்பது, இது தட்டில் இருந்தது என்று பட்டுராசன் தீர்ப்புச் சொன்னான்.

எண்ணெய் ஊற்றும்போதுதான் சங்கடம். ஈர்க்குச்சி விட்டுப் பார்த்தால் இடது குழாயில் ஒரு நூல் கூடுதல். அதிலிருந்து கொஞ்சம் கீழே கொட்டினார்கள். இப்போது வலது கூடுதல். அதிலிருந்தும் கொட்டினார்கள். மறுபடி இடது. கோயில்பிச்சைக்குக் கை நடுங்கியதே தவிர மனசு நடுங்கவில்லை. உச்சி வெயிலில் இரண்டு குழாயும் துளி வித்தியாசம் இல்லாமல் காலியாக இருந்தன.

"இப்பதான் சரி அளவு," என்றான் சுயம்பு, கண் கலங்கி.

எல்லாவற்றையும் மாட்டி முடித்தாயிற்று. கிளம்ப வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு உருட்டிப் போகலாம் என்றான் பட்டுராசன்.

"எந்தச் சக்கரம்னு பால்துரை சொன்னாரா?" என்றார் கோயில்பிச்சை.

"சொல்லலையே அத்தான்."

"அப்ப ரெண்டுந்தான்."

வண்டியை மூங்கிலில் கட்டி, சாமி சப்பரம் தூக்குவதுபோல் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். வழியில் யாரோ தேங்காய்கூட உடைத்தார்கள்.

பெண்ணின் அப்பா ஆறுமுகநயினார் வண்டிக்கு அடியில் குனிந்து, தரையைத் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. இனி எந்தக் காலத்திலும் ஒழுகாது மாமா என்றான் சுயம்பு. அது சத்தியமான பேச்சு.

உள்ளே வந்து உட்காரச் சொன்னார். உட்கார முடியாத காரணத்தைச் சுயம்பு மூச்சுவாங்கச் சொன்னான். செண்பகக்கனி காப்பி கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் இரண்டு கையும் மூங்கிலில் இருந்ததால், அவளே டம்ளரைச் சாய்த்து வாயில் ஊற்றினாள். பெரியவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு வண்டியையே இப்படித் தாங்குறவர் என்னையும் தாங்குவார்ப்பா," என்றாள் அவள்.

சம்பந்தம் முடிவாகிவிட்டது. பால்துரை எப்போது வருவார் என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆறுமுகநயினார்தான் அதற்கு வழி சொன்னார்.

"அதுக்கென்ன, முதல் பத்திரிகையே அவருக்கு வைப்போம். கல்யாணத்துக்கு வந்து பாத்துட்டு இறக்கட்டும்."

தாம்பூலத் தட்டை வண்டி சீட்டின்மேல் வைத்தே மாற்றிக்கொண்டார்கள். முகூர்த்தம் தை மாதம். அதுவரை வண்டியின் முன்பக்கத்தைப் பெண் வீட்டாரும், பின்பக்கத்தை மாப்பிள்ளை வீட்டாரும் தாங்குவது என்று பேசி முடித்தார்கள். கோயில்பிச்சை தோள் மாற்றிக்கொண்டார். ஐப்பசி அன்றைக்குத்தான் பிறந்திருந்தது.