கூகைமலைச் சுமைதாங்கி

"அம்மா, அந்தப் பாதையில யாரோ ஏறி வர்றாங்க. என்னால இறங்க முடியலைங்க."

வெறும் கூடையோடு மூச்சிரைக்க வந்து நின்றார் செங்கோடர். போன வாரமும் இப்படித்தான் வந்து நின்றார்.

பாவாயி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குருவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள் வைத்து, ஊரையே அதட்டி வாழ்ந்த மனிதர். இப்போது மடத்து வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

கூகைமலை மடத்தில் தீட்சை வாங்க ஒரு வழக்கம் உண்டு. வெறும் கூடையோடு தனியாக அடிவாரம் இறங்கி, அரிசி பிச்சை வாங்கி வரவேண்டும்.

பாதை ஒன்றும் பிரமாதமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு சிப்ஸ் தின்றுகொண்டே ஏறி வந்துவிடுவார்கள். செங்கோடருக்குத்தான் பாதி வழிக்கு மேல் கால் வரவில்லை.

"எந்த இடத்துல?" என்று கேட்டார் அம்மா.

"அந்தச் சுமைதாங்கிக் கல்லுகிட்டங்க."

"ஏறி வர்றது யாரு?"

"ஆளே தெரியலைங்க. வளைவுக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம் மட்டும் கேட்குது. மெதுவா, நின்னு நின்னு, பாரம் சுமக்கிறவங்க மாதிரி. நான் திரும்பி ஓடியாந்தா பின்னாலயே வருது. மடத்து வாசல் வரைக்கும் வருது."

"யாருன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க."

கேட்டு முடிக்குமுன் பதில் வந்துவிட்டது. அம்மா கீரைத்தண்டை ஒடித்துப் போட்டார்.

"அந்தக் கல்லு யாருக்கு வச்சதுன்னு தெரியுமாங்கய்யா?"

"இல்லீங்க."

"இது அந்தக் காலத்துல உப்புச் சுமக்கிற பாதை. ஒரு பொண்ணு நிறைமாசத்துல மூட்டையோட ஏறியிருக்கா. எதிர்ல வந்தவங்ககிட்ட, கை கொடுங்க, இறக்கி வைக்கணும்னு கேட்டிருக்கா. யாரும் நிக்கலை. வயித்துப் புள்ளையோட அங்கேயே போயிட்டா. அவ அப்பன்தான் அந்தக் கல்லை நட்டது. அவ தலை உயரத்துக்கு."

செங்கோடர் கூடையைப் பார்த்தபடி நின்றார்.

"அன்னையிலிருந்து இந்தப் பாதையில ஒரு கட்டளை. சுமையோட வர்றவங்க கை கேட்டா, பகையாளியா இருந்தாலும் இறக்கி வச்சுட்டுத்தான் போகணும். போய்ட்டு வாங்க."

"இப்பவேங்களா?"

"இப்பத்தான்."

பட்டப்பகலிலேயே மலையில் மூடுபனி இறங்கியிருந்தது. செங்கோடர் இறங்கினார்.

அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. மகள் வசந்தமணி சாதி விட்டுக் கட்டிக்கொண்டாள். ஏழாம் மாதத்தில், துணிப்பையோடு வாசலில் வந்து நின்றாள். "அப்பா, கொஞ்சம் பிடிங்க" என்று பையை நீட்டினாள். அவர் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். அடுத்த மாதம் வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனாள். அவரைப் பாவம் என்று சொல்ல ஊரில் யாருக்கும் மனம் வரவில்லை.

கருமாதி முடியுமுன் மலையேறி வந்தவர்தான். எல்லாவற்றையும் துறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டார்.

சுமைதாங்கி பனிக்குள் நின்றது. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருந்தார்கள்.

பறவைகள் சட்டென்று அடங்கின. வளைவுக்கு அந்தப் பக்கம் சருகு நொறுங்கியது.

ஒரு அடி. ஒரு பெருமூச்சு. இன்னொரு அடி.

ஓடிவிடலாம் என்று கால் திரும்பியது. அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்களை இறுக மூடிக்கொண்டார்.

இந்த முறை காலடி வளைவைத் தாண்டியது. நெருங்கி வந்தது. அவர் முகத்தில் மூச்சுக்காற்று படும் தூரத்தில் நின்றது.

"அப்பா, கொஞ்சம் பிடிங்க."

செங்கோடர் கண்ணைத் திறக்காமலே இரண்டு கைகளையும் நீட்டினார்.

கைகளில் பாரம் இறங்கியது. முழங்கால் மடங்கும் பாரம். கதகதப்பாக இருந்தது. அதற்குள்ளே ஏதோ ஒருமுறை புரண்டது.

அவர் வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே தூக்கிக் கல்லின் மேல் வைத்தார்.

எதிரில், நெடுநாள் சுமந்தவள் விடுவது போல ஒரு மூச்சு கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தார். கல்லின் மேல் ஒன்றுமில்லை. பனியில் கல் முழுக்கச் சில்லிட்டிருந்தது. அவர் வைத்த இடம் மட்டும் சுட்டது.

செங்கோடர் மடத்துக்கு ஏறி வந்தபோது அம்மா சட்டியில் கீரையைப் போட்டுக்கொண்டிருந்தார். கூடை இன்றும் காலி.

"அரிசி வாங்கலையா?"

"இல்லீங்க."

"அப்ப தீட்சை?"

"வேண்டாம்மா. நான் ஊருக்குப் போறேன். கல்லு அடிக்கிற ஆளு யாராவது தெரிஞ்சாச் சொல்லுங்க."

அம்மா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன உயரத்துக்கு வேணும்?"

செங்கோடர் கையைத் தன் தோள்மட்டத்துக்குக் கொண்டுவந்து, தட்டையாக விரித்துக் காட்டினார்.

"இவ்வளவுதாம்மா இருப்பா."