விரல் நுழைந்த இடம்

மலையடிவாரத்தில் தாணுமூர்த்தி ஆசானின் வர்மசாலை இருந்தது. விடிந்த பிறகும் பனி விலகாமல் ஓட்டுக்கூரையோடு ஒட்டிக் கிடந்த ஒரு மார்கழிக் காலையில், அவரிடம் ஆறு வருஷம் வர்ம அடியும் வைத்தியமும் படித்த பொன்னையன் வந்து வாசலிலேயே நின்றான்.

மருந்து அரைத்துக்கொண்டிருந்த ஆசான் நிமிர்ந்தார்.

“தம்பியை அடிச்சிட்டேன் ஆசானே. கக்கத்துல. ரெண்டே விரல்தான். வலதுகை தொங்கிப்போச்சு.”

“எதுக்கு?”

“வரப்புத் தகராறு. மூணு வருஷமா பேச்சில்ல. நேத்து தோப்புல கையை ஓங்கிட்டு வந்தான்.”

“உள்ளே வா.”

சாலைக்குள்ளும் பனி புகுந்திருந்தது. சுவர்கள் எங்கே முடிகின்றன என்று தெரியவில்லை. ஆசான் பொன்னையனின் கையைத் தூக்கி, அவனுடைய கக்கத்துக்குள் தன் விரல்களை வைத்தார்.

“முன்பக்கம் என்ன?”

“மார்புச் சதை.”

“பின்பக்கம்?”

“தோள்பட்டைச் சதை.”

“உள்ளே விலா. வெளியே கையெலும்பு. நடுவுல?”

“நாடி துடிக்குது. கைக்குப் போற நரம்பெல்லாம் கட்டா இறங்குது.”

“நாலு பக்கமும் காவல். அடியில?”

“அடியில ஒண்ணுமில்ல ஆசானே. வெறும் தோல்தான்.”

ஆசான் அந்தக் கையை மெதுவாக இறக்கினார். சதைகள் நெருங்கி, அவர் விரல்களை வெளியே தள்ளின.

“கை தொங்கும்போது யார் விரலும் அங்க நுழையாது. உன் தம்பி எப்படி வந்தான்? அவனை மாதிரியே நடந்து காட்டு.”

பொன்னையன் பத்தடி பின்னால் போனான். கண்களை மூடிக்கொண்டான். தூக்கத்தில் நடப்பவனைப் போல வந்தான். பனிக்குள்ளிருந்து இரண்டு கைகள் எழுந்தன. தோள் உயரத்துக்கு வந்ததும் விரிந்தன. விரல்கள் மடங்கவில்லை.

ஆசான் நகரவில்லை. மார்போடு மார்பு மோதியது.

பொன்னையன் கண் திறந்தபோது அவன் கைகள் ஆசானின் முதுகைச் சுற்றியிருந்தன. வெகுநேரம் அவற்றை எடுக்கவில்லை.

“அவன் அடிக்க வரல,” என்றான்.

ஆசான் ஒரு எண்ணெய்க் குப்பியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

“கை சரியாகுமா ஆசானே?”

“சொல்ல முடியாது. தினமும் கக்கத்துல எண்ணெய் போட்டுத் தடவணும். அவனால கையைத் தூக்க முடியாது. தடவுறவன்தான் அதைத் தன் தோள்ல தாங்கிக்கணும்.”