எல்ஸ்பெத் உட்கார்ந்த முக்காலி

ஸ்காட்லாந்தில் கடலைப் பார்த்த மேடொன்றில் கில்மோரன் சபையின் கற்கோயில் இருந்தது. அதன் போதகர் இஸபெலுக்கு நாற்பது வயது. அவரிடம் பிரசங்கம் செய்யக் கற்றுவந்த ஃபெர்கஸுக்கு அறுபத்தாறு. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சபையின் முந்நூறு ஆண்டு வரலாற்றை எழுதி முடித்து, இஸபெலிடம் கொடுத்திருந்தார்.

இஸபெல் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"கோயில் மணி வந்த கதைக்கு நாலு பக்கம். எல்ஸ்பெத்துக்கு ஒரே வரியா?"

அந்த வரி இதுதான்: 'மணமாகாமல் கருவுற்ற வேலைக்காரி எல்ஸ்பெத், 1741-இல் அக்கால வழக்கப்படி சபை முன்னால் முக்காலியில் உட்காரவைத்துக் கண்டிக்கப்பட்டாள்.'

"பழைய வழக்கம்தானே, போதகரம்மா. மேற்கொண்டு எழுத என்ன இருக்கிறது?"

"அந்த முக்காலி இன்னும் இங்கேதான் இருக்கிறது. நாளை ஆராதனையில் அதில் உட்காருகிறீர்களா?"

"அதற்கென்ன, உட்கார்ந்தால் போச்சு" என்று சிரித்தார் ஃபெர்கஸ்.

ஞாயிறு காலை, சபையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். முன்வரிசையில் யாரோ கேலியாகக் கைதட்டினார்கள். அவரும் தலையாட்டிச் சிரித்தார்.

இஸபெல், அக்காலச் சபை மூப்பர்கள் எழுதிவைத்த குறிப்பேட்டைத் திறந்து வாசித்தார்.

"முதல் ஞாயிறு. எல்ஸ்பெத் உட்கார்ந்தாள். பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று கேட்டோம். சொல்லவில்லை. இரண்டாம் ஞாயிறு. உட்கார்ந்தாள். சொல்லவில்லை."

நான்காம் ஞாயிற்றை வாசிக்கும்போது சிரிப்பு அடங்கியிருந்தது.

"ஏழாம் ஞாயிறு. கடும்பனி. நிறைமாதம், சுவரோரம் சாய்ந்துகொள்கிறேன் என்றாள். மறுத்தோம். எட்டாம் ஞாயிறு. வரவில்லை. ஆற்றில் பிணமாகக் கிடைத்தாள். முக்காலியைக் கழுவி வைக்கச் சொன்னோம்."

வரலாறு எழுதும்போது இதே பக்கத்தைத் தன் கையால் புரட்டிப் போனவர் ஃபெர்கஸ்தான்.

நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருஷம் வீடு வீடாகக் கடிதம் கொடுத்துப் பழகிய முகங்கள். ஒன்றுகூட அசையவில்லை. அத்தனை கண்களும் அவர்மேல். மனைவி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

இஸபெல் பக்கம் திரும்பினார்.

"போதகரம்மா... இன்னும் எவ்வளவு நேரம் நான் இப்படி உட்கார வேண்டும்?"

இஸபெல் குறிப்பேட்டை மூடினார்.

"நீங்கள் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், ஃபெர்கஸ்."