அரசவைக்கு வந்த எறும்புகள்

முன்னொரு காலத்தில் மருதவள நாட்டை வீரவளவன் என்றொரு அரசன் ஆண்டு வந்தான். ஆண்டு வந்தான் என்பதைவிட உண்டு வந்தான் என்பதுதான் பொருத்தம். காலையில் அக்காரவடிசில், நண்பகலில் அதிரசம், அந்தி சாய்ந்தால் எள்ளுருண்டை. நடுவில் வாய் சும்மா இருந்தால் வெல்லக்கட்டி. அவன் நடப்பதெல்லாம் கட்டிலுக்கும் அரியணைக்கும் இடையில்தான். அதற்கும் ஒரு பல்லக்கு வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் அரியணைப் படி ஏறும்போது மூச்சு முட்டி, பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அரண்மனை வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார்.

"பயப்பட ஒன்றுமில்லை, அரசே. கீரை, காய், வரகு, சாமை என்று கலந்து உண்ணுங்கள். இனிப்பு வேண்டுமென்றால் சாப்பாட்டுக்குப் பின் ஒரு துண்டு கருப்பட்டி போதும். விடிந்ததும் கொஞ்ச தூரம் நடங்கள். நேரத்தோடு தூங்குங்கள்" என்றார்.

அரசன் காதில் விழுந்தது 'இனிப்பு' என்ற ஒரு சொல்தான்.

"என் உடம்பைக் கெடுத்தது இனிப்பா? அந்தத் துரோகி இனி என் நாட்டில் இருக்கக்கூடாது!" என்று கர்ஜித்தான்.

பண்டகசாலை அதிகாரி விசயராயர் துள்ளி எழுந்தார். புகழ்வதற்கென்றே பிறந்த மனிதர் அவர். "ஆகா! தமக்கு வந்த நோய்க்கு நாட்டையே பத்தியம் இருக்கச் செய்யும் பெருந்தன்மை வேறு யாருக்கு வரும்?" என்றவர், சட்டத்தையும் தாமே எழுதினார். இனிப்பு உண்பவர் யாராக இருந்தாலும், பறை முழங்க ஊர் எல்லைவரை நடத்திக் கொண்டுபோய் விடப்படுவார்.

"வைத்தியர் நடக்கவும் சொன்னாரே, அரசே..." என்று அமைச்சர் சேந்தனார் வாயெடுத்தார்.

"அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அமைச்சரே."

நாட்டிலிருந்த வெல்லமும் கருப்பட்டியும் தேனும் பறிமுதலாகி அரண்மனைப் பண்டகசாலையில் குவிந்தன. கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குப் பதில் மிளகு ரசம் ஊற்றினார்கள். பனையேறிகள் கலயங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நாடே இளைத்தது. அரசன் மட்டும் இளைக்கவில்லை. இடுப்புக் கச்சை எட்டாமல் போயிற்று. "அது சதை இல்லை, வீரம் வீங்குகிறது" என்று விளக்கம் சொன்னார் விசயராயர்.

இதற்கிடையில் பண்டகசாலையில் வெல்லக் குவியலும் கரைந்துகொண்டே வந்தது. தம் சொல்லைவிட அமைச்சரின் சொல்லுக்கு அவையில் எடை அதிகம் என்று விசயராயருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். வாய்ப்பை அவர் விடவில்லை. "அரசே, வரகும் கொள்ளும் எடுக்கத் தினமும் உள்ளே போகிறவள் சமையற்காரி உமையாள். அவளை வேலைக்கு வைத்தவர் நம் அமைச்சர்!" என்றார்.

"நாளைக்குள் திருடன் யாரென்று தெரிய வேண்டும். இல்லையென்றால் அவளோடு நீரும் எல்லைக்குப் போகலாம்" என்று அரசன் அமைச்சரிடம் சொன்னான்.

சேந்தனார் மடைப்பள்ளிக்குப் போனார். உமையாள் அழுது முகம் வீங்கிப்போயிருந்தாள்.

"ஐயா, நான் வெல்லத்தைத் தொட்டே மாசக்கணக்காச்சு. வேணும்னா என் கையை மோந்து பாருங்க, கொள்ளு வாசந்தான் வரும். ரெண்டு புள்ளைங்களை வச்சுக்கிட்டு எல்லைக்கு அந்தாண்டை நான் எங்கே போவேன்?"

சேந்தனார் அவளை நம்பினார். திருடன் யாரென்றும் அவருக்கு ஓர் ஊகம் இருந்தது. வழக்கு விசாரிக்கும்போது அரசனின் தாடை அசைவதை அவர் பார்த்திருந்தார். சொன்னால் தம் தலை போகும். சொல்லாவிட்டால் அவள் குடும்பம் போகும்.

அரசனிடம் போய் ஒன்றே ஒன்று கேட்டார். "நாளை அவைக்கூடத்தைப் பெருக்கித் துடைக்கவேண்டாம், அரசே. பொய் சொல்லத் தெரியாத சாட்சிகள் வருவார்கள்."

மறுநாள் அவை கூடியது. உமையாளை வாசலருகே நிறுத்தியிருந்தார்கள். "சாட்சிகள் வரும்வரை யாரும் அசையவேண்டாம்" என்றார் சேந்தனார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வாசற்படியில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. எறும்புகள்! உமையாளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவளைக் கடந்து போயின. நேராக விசயராயரின் கால் வழியே ஏறித் தலைப்பாகைக்குள் நுழைந்தன. ராயர் ஓர் ஆட்டம் ஆடினார் பாருங்கள், தலைப்பாகை அவிழ்ந்து இரண்டு அதிரசங்கள் உருண்டோடின.

அவை சிரித்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றது. அதைவிடத் தடிமனான இன்னொரு வரிசை அரியணைப் படியில் ஏறிக்கொண்டிருந்தது. புலவர்கள் விதானத்தைப் பார்த்தார்கள். தளபதி தம் கால் நகத்தைப் பார்த்தார்.

"அமைச்சரே, இவை இங்கே எதற்கு வருகின்றன?" அரசனின் குரல் கீச்சென்று வந்தது.

சேந்தனார் கைகூப்பினார். "முறையிட வருகின்றன, அரசே. நாடெங்கும் பட்டினியாம். இந்த ஓர் இடத்தில்தான் இன்னும் அன்னசத்திரம் நடக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கின்றன."

அரசன் முறைத்தான். உதடு துடித்தது. பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சிரித்த குலுக்கலில் அரியணை மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு வெல்லக்கட்டி கீழே விழுந்தது.

"நான் தின்றது கொஞ்சம்தான். மிச்சத்தை எவனோ தின்கிறானே என்றுதான் கோபம்" என்று ஒப்புக்கொண்டான். "சரி, சட்டப்படி என்னையும் எல்லைக்கு அனுப்பவேண்டுமே?"

"வேண்டும், அரசே. ஆனால் எல்லைவரை நடத்திப் போகவேண்டும் என்றுதான் ராயர் எழுதியிருக்கிறார். திரும்பி வரக்கூடாது என்று எழுத மறந்துவிட்டார். தினமும் விடியலில் தாங்கள் நாடு கடத்தப்படலாம். காலைச் சாப்பாட்டு நேரத்தில் மன்னிக்கப்பட்டுத் திரும்பலாம். சாப்பாடு வைத்தியர் சொன்னபடி. கடைசியில் ஒரு துண்டு கருப்பட்டி, ஒளிக்காமல், எல்லோருக்கும் முன்னால்."

அன்றே தடை நீங்கியது. அரசன் தன் முத்துமாலையைக் கழற்றிச் சேந்தனாருக்குப் போட்டான். பண்டகசாலைச் சாவி உமையாள் கைக்குப் போயிற்று. பனந்தோப்புகளில் மறுபடி பதநீர் கொதித்தது. தினமும் விடியலில் பறை முழங்க அரசன் நடந்தான். கூட்டுக் குற்றவாளியான விசயராயரும் குடை பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

சில மாதங்கள் போயின. ஒருநாள் எல்லைக்கல் அருகே அரசன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. ராயர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்.

"ராயரே, இன்று என் நடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?"

"கொஞ்சம்... மெதுவாக... நடந்து தொலையுங்கள், அரசே!"

அரசன் முகம் மலர்ந்து, உடன் நடந்து வந்த சேந்தனாரைப் பார்த்தான். "கேட்டீரா, அமைச்சரே? இத்தனை வருடத்தில் இவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை!"