கல் நிலையில் ஒரு கதவு

ஏரியைச் சுற்றியிருந்த ஏழு நாடுகளும் இனி ஒரே நாணயத்தை வழங்குவதென்று தீர்மானித்திருந்தன. ஆறு நாடுகள் கையெழுத்திட்டுவிட்டன. எஞ்சியது தேன்மலை நாடு. அங்கே எல்லாப் பொருளுக்கும் அரண்மனையே விலை குறித்த காலம் முடிந்து, சந்தை திறந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. மறுநாள் காலை கையெழுத்திட வேண்டியவர் நிதியமைச்சர் திருமேனியார். கையெழுத்திடுவதா வேண்டாமா என்று அவருக்கு இன்னும் தெளியவில்லை. தம்மைவிடப் பதினைந்து வயது இளையவரான தம் ஆசிரியை அல்லியம்மையைத் தேடிக் கொட்டும் மழையில் போனார்.

அல்லியம்மை வீட்டுக்குள் குடை பிடித்து அமர்ந்திருந்தார்.

"கதவைச் சாத்தக் கூடாதா, அம்மா?"

"சாத்திப் பாருங்களேன்."

அமைச்சர் தள்ளினார். தோள் கொடுத்து முட்டினார். தலைப்பாகை கழன்று விழுந்ததே தவிர, மழையில் ஊறிப் பருத்த கதவு நிலைக்குள் போகவில்லை.

"சென்ற கோடையில் நீங்கள் செய்து கொடுத்த கல் நிலை. இம்மியும் அசையாமல் நிற்கிறது," என்றார் அல்லியம்மை.

"பழைய மரநிலையாக இருந்தால் இரண்டு உதையில் விலகி இடம் கொடுத்திருக்கும்," என்றார் அமைச்சர்.

"அதையே மறுபடி வைத்துவிடலாமா?"

"ஐயோ, வேண்டாம்! அது விலகிய இடுக்கு வழியாகத்தானே பாம்பு வந்தது!"

அமைச்சர் அன்று பரண்மேல் ஏறிய வேகம் நினைவுக்கு வர, இருவரும் சிரித்துவிட்டார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அமைச்சர் கேட்டார்: "இதுவரை தேன் விலைபோகாத ஆண்டுகளில் நம் காசில் வெள்ளியைக் குறைத்துவிடுவேன். அயலாருக்கு நம் தேன் மலிவாகும், விற்றுவிடும். மக்களின் சேமிப்புதான் ஒவ்வொரு முறையும் கரைந்தது. ஏழு நாடுகளின் பொதுக்காசில் நான் அப்படிக் கைவைக்க முடியாதே, அம்மா?"

"முடியாது. அப்போது எதைக் குறைப்பீர்கள்?"

"தேனெடுப்பவர் கூலியை. கைக்கு எட்டுவது அதுதான்."

அல்லியம்மை எழுந்தார். மரம் சீவும் இழைப்புளியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"கல் விலகாது. கதவை இழையுங்கள்."

அமைச்சர் குந்தியமர்ந்து இழைத்தார். மரம் சுருள் சுருளாக உதிர்ந்தது. வியர்க்க வியர்க்க இழைத்துவிட்டு எழுந்து தள்ளினார். கதவு போகவில்லை. கீழே மட்டும் இரண்டு விரல் நுழையும் சந்து.

"எங்கே பிடிக்கிறது?"

"மேலே."

"எங்கே இழைத்தீர்கள்?"

"கீழே. கைக்கு எட்டியது..." அமைச்சர் நிமிர்ந்து மேல் விளிம்பைப் பார்த்தார்.

அல்லியம்மை முக்காலியை நகர்த்திப் போட்டார்.

"இந்த உடம்போடு இதில் நான் ஏறுவதா?"

"பாம்புக்குப் பயந்து பரணே ஏறியவர்தாமே நீங்கள்!"

ஏறினார். முக்காலி முனகியது, அமைச்சரும் முனகினார். மேல் விளிம்பை இழைத்து முடித்ததும் கதவு 'டக்'கென்று நிலைக்குள் போய் அமர்ந்தது. அல்லியம்மை குடையை மடக்கினார். கீழ்ச் சந்து வழியாக மட்டும் சாரல் புகுந்து இருவர் கால்களையும் நனைத்துக்கொண்டிருந்தது.

"கூலியை இழைத்தாலும் இப்படித்தான் கீழே ஒழுகும்," என்றார் அமைச்சர்.

"அம்மா, நாளை நான் கையெழுத்திடலாமா, கூடாதா?"

"இடுங்கள்," என்றார் அல்லியம்மை. "போகும்போது அந்த முக்காலியை மறந்துவிடாதீர்கள்; அரண்மனையிலும் பிடிப்பது மேலேதான்."