ஒரு பழிக்கு மூன்று பேர்

பொன்னுக்கும் பெண்ணுக்கும் மூன்று பேர் மல்லுக்கு நின்ற கதைகளை நிறையக் கேட்டிருப்பீர்கள். இது ஒரு பழிக்கு மூன்று பேர் மல்லுக்கு நின்ற கதை. விட்டுக்கொடுக்க ஒருவருக்கும் மனமில்லை.

ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில், வருகிற பஞ்சு லாரிகளை எடை போடும் வேலையை முப்பது ஆண்டு பார்த்தவர் சொக்கையா. எடை சரியாக இருந்தாலும் மனிதர் லேசில் சீட்டு எழுத மாட்டார். வழியில் பஞ்சைத் திருடிவிட்டு, குறைந்த எடையை ஈடுகட்டத் தண்ணீர் தெளித்துக் கொண்டுவரும் கில்லாடிகள் உண்டு. அதனால் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு ஈரம் பார்த்த பிறகுதான் பேனாவை எடுப்பார்.

ஓய்வு பெற்ற சில வருடங்களில் அவருடைய இதயம் சோர்ந்துபோனது. ரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்தால் உடம்பில் நீர் தேங்கும், நீர் தேங்கினால் எடை ஏறும் என்று விளக்கி, மதுரை ஆஸ்பத்திரியில் ஓர் எடை மெஷினைக் கொடுத்தனுப்பினார்கள். தினமும் காலையில் ஏறி நின்றால் போதும். எண் தானாக ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் நர்ஸ் ஜெசிந்தா போன் செய்து கூப்பிடுவாள். சொக்கையாவுக்குத் தலைகால் புரியவில்லை. பழைய வேலையே வீடு தேடி வந்துவிட்டது அல்லவா! முதல் நாள் அறுபத்தொன்று கிலோ. நாற்பதாம் நாளும் அதே அறுபத்தொன்றுதான்.

அவர் மனைவி பேச்சித்தாய்க்குத்தான் அந்த எண் பிடிபடவில்லை. டாக்டர் சொன்ன உப்பில்லாச் சோறு இறங்காமல், அவர் இரண்டு வாய் தின்றதும் தட்டைத் தள்ளிவிடுகிறார். மோதிரம் விரலில் நிற்கவில்லை, சட்டை தோளில் தொங்குகிறது. ஆனால் செருப்பு மட்டும் காலுக்குள் நுழைய மாட்டேன் என்கிறது. ஒரு தலையணையில் தூங்கியவருக்கு, தாழப் படுத்தால் மூச்சு வாங்குவதால், இப்போது மூன்று வேண்டியிருக்கிறது.

“என்னங்க, காலு வீங்கிக் கெடக்கே. மதுரைக்குப் போயிருவமா?”

“அறுபத்தொண்ணுலயே நிக்குது. மிஷினைவிட ஒனக்குக் கூடத் தெரியுமோ?”

அன்றே அவருக்குத் தெரியாமல் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டாள். “சிஸ்டர், அவுக காலு வீங்கியிருக்கு. ஆளு பாதியாப் போயிட்டாக.”

நூற்றிருபது வீடுகளைக் கவனிக்கிறவள் ஜெசிந்தா. எடைகள் வந்து விழும் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். “எடை ஏறவே இல்லையேம்மா. நீர் சேர்ந்தா ஏறியிருக்கும். பயப்படாதீங்க.”

படித்தவள் சொல்கிறாள், கட்டியவர் சொல்கிறார், மெஷினும் சொல்கிறது; நாம் யார் குறுக்கே பேச என்று பேச்சித்தாய் வாயை மூடிக்கொண்டாள்.

போன் போட்ட ஆறாம் நாள் மூச்சு முட்டி, அவரை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காலை அழுத்திப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். “சதை கரைஞ்ச அளவுக்கு நீர் ஏறியிருக்கு. ரெண்டும் சரிக்குச் சரி. அதான் எடை அசையல.”

சொக்கையாவுக்கு அது உடனே புரிந்துவிட்டது. மூக்கிலிருந்த மாஸ்க்கை விலக்கி, “மூட்டைக்குள்ள கைய விடாமச் சீட்டு எழுதிட்டேன் பேச்சி. தப்பு என்னோடது” என்றார். மறுநாள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு ஜெசிந்தா வந்தாள். வாசலிலேயே அழுதுவிட்டாள். “தப்பு என்னோடதும்மா. நீங்க ஆளைப் பத்திச் சொன்னீங்க. நான் எண்ணைப் பார்த்துப் பதில் சொன்னேன்.”

“நீங்க அவுக மொகத்தக்கூடப் பாக்கலயே. கண்ணால பாத்தவ நானு. தப்பு எனக்குத்தான்” என்றாள் பேச்சித்தாய்.

மெஷினையும் குறை சொல்ல முடியாது. ஒரு நாள்கூட அது தப்பான எடையைக் காட்டவில்லை. அப்படியானால், இந்த மூவரில் பழி யாருக்குச் சேரும்?

விடை: பழி ஜெசிந்தாவுக்கே. சொக்கையா நோயாளி, தன் நோயைத் தானே கண்டுபிடிக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை. பேச்சித்தாய் கண்டாள், கண்டதைச் சொல்லவும் செய்தாள். அதைக் கேட்டு, “எதற்கும் கூட்டி வாருங்கள்” என்று சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவள் ஜெசிந்தா ஒருத்திதான். எவ்வளவு நல்ல பெண்ணாக இருந்தாலும் தீர்ப்பு இதுதான். ஆனால் இந்தத் தீர்ப்பால் பேச்சித்தாய்க்கு ஒரு பிடி சோறும் இறங்கவில்லை. “ஒரு தடவ சொன்னேன், சரி. மறுநா ஏன் சொல்லல? அதுக்கு மறுநா ஏன் சொல்லல?” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.