பதினாறு மிருகப் பண்டிதர்

“அடுத்தவனை எடை போடத் தராசைத் தூக்கினால், முதலில்...” என்று என் பெரியப்பா ஆரம்பிப்பார். அந்த ‘முதலில்’ வரைக்கும்தான் எனக்கு ஞாபகம். அதற்கு அவர் சொன்ன கதை மட்டும் முழுசாக இருக்கிறது.

ஹேமபுரி அரசன் வஜ்ரசேனனுக்கு ஒரு பெருமை. “நான் நினைப்பதை நான் வாய் திறக்குமுன் சொல்லிவிடுவார் என் அமைச்சர்!” என்பான். அந்த அமைச்சர் சோமதத்தர். ராஜதந்திரத்துக்கு நூல் எழுதியவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ஒருநாள் குணாகர பண்டிதர் என்பவர் சபைக்கு வந்தார். “மன்னா, உலகத்து மனிதரெல்லாம் பதினாறே மிருகங்கள். நாலு கேள்வி கேட்டால் போதும், யார் எந்த மிருகம் என்று சொல்லிவிடுவேன்.”

அரசனுக்குப் பிடித்துப்போயிற்று. சேனாதிபதியைக் கேட்டார்கள். மான் என்று வந்தது. மானுக்கு வாள் எதற்கு? நந்தவனத்தில் பூப்பறிக்க அனுப்பினான் அரசன். சமையல்காரன் கழுகு என்று வந்தது. கோட்டை உச்சிக்குக் காவலுக்கு ஏற்றினான். அன்றிலிருந்து அரண்மனையில் சாதம் குழைந்தது. எல்லைக்கு அப்பால் பகையரசன் வீரகேது படை திரட்டிக்கொண்டிருந்தான்.

“அடுத்தது நீர்தான், சோமதத்தரே,” என்றான் அரசன். “கெட்ட மிருகமாக வந்தால், முத்திரை மோதிரத்தைக் கழற்றிவிட்டு ஊரைவிட்டே போக வேண்டியதுதான்.”

“கேட்கட்டும், பிரபு. என் வழக்கப்படியே பதில் சொல்கிறேன்.”

பண்டிதர் தொண்டையைக் கனைத்தார். “முடிவெடுக்கும்போது அறிவைக் கேட்பீரா, மனதைக் கேட்பீரா?”

“இரண்டையும் இல்லை. கடைசியாக வந்து பேசியவரை.”

சபையில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.

“யாராவது புகழ்ந்தால்?”

“சேச்சே என்பேன். பிறகு இன்னொரு தடவை சொல்லச் சொல்வேன்.”

“தூக்கம் எதனால் கெடும்?”

“கூட இருப்பவனுக்கு நல்ல பெயர் வந்தால்.”

“வேலை தெரிந்தவனை என்ன செய்வீர்?”

“பூப்பறிக்க அனுப்புவேன்.”

இப்போது சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. பண்டிதர் மட்டும் துள்ளி எழுந்தார்.

“ஓணான்! மன்னா, சுத்தமான ஓணான்! எவன் என்ன சொன்னாலும் தலையாட்டும். நாட்டை விடுங்கள், இந்த ஆளிடம் ஒரு கோழிக்கூண்டைக்கூட ஒப்படைக்கக் கூடாது!”

“நிச்சயமாகவா?” என்றார் சோமதத்தர்.

“என் தலைமேல் அடித்துச் சத்தியம்!”

அரசன் கையை நீட்டினான். “மோதிரம்.”

சோமதத்தர் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தார். “ஒரு சந்தேகம், பிரபு. நான் நினைப்பதைச் சொல்ல எனக்கு என்றைக்கு உத்தரவு இருந்தது? தாங்கள் நினைப்பதைச் சொல்வதுதானே என் வேலை? பழக்கதோஷம். கேள்வி ஒவ்வொன்றுக்கும் தாங்கள் என்ன சொல்வீர்களோ அதைத்தான் சொன்னேன். இப்போது ஊரைவிட்டுப் போக வேண்டியது யார் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். பல்லக்குக்கு ஏற்பாடு செய்கிறேன்.”

பண்டிதர் முகம் வெளுத்தது. “மன்னா, சில ஓணான்கள்... பார்வைக்குச் சிங்கம் மாதிரியே...” என்று இழுத்தார்.

அதற்கும் தலையாட்டப் போன அரசன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். மோதிரத்தைப் பார்த்தான். அமைச்சரைப் பார்த்தான். பிறகு கிரீடம் நழுவும்படி சிரித்தான். மோதிரத்தைத் தானே சோமதத்தரின் விரலில் மாட்டிவிட்டான்.

“பல்லக்கு வரட்டும்,” என்றான்.

சேனாதிபதிக்கு வாளும் சமையல்காரனுக்குக் கரண்டியும் திரும்பி வந்தன. குணாகர பண்டிதருக்குப் பொன்னாடை போர்த்தி, அந்தப் பல்லக்கில் ஏற்றி, வீரகேதுவுக்கு அன்பளிப்பாக அனுப்பி வைத்தான்.